எண்ணெய் மேல் போட்ட பழி

கார் வாங்கிய முதல் மாதம் முழுக்க, அதற்கு ஏதோ கோளாறு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஒரே மூச்சில் மேலே ஏறும், ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சத்தம் ஏறும், கியர் மாற்றினால் இறங்கும், மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் எனக்கு வேகமே புரியும். இதில் சத்தம் முன்னால் ஓடி நின்றுகொள்ள, வண்டி பின்னாலேயே மெல்ல வேகம் பிடித்துக்கொண்டு வந்தது.

"இதுக்கு கியரே கெடயாதுடி," என்றார் என் கணவர். எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "சிவிடி. அப்டிதான் கத்தும். நீ ரோட்ட பாத்து ஓட்டு, வண்டி பாடறத கேட்டுகினு இருக்காத."

கிளட்ச் என்றால் எனக்கு இடது கால் நடுங்கும் என்பதால்தான் இந்த வண்டியைத் தேடிப் பிடித்தார். பழைய கார்தான். அதற்கு முன் நாங்கள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். கல்மண்டபத்தில் எங்கள் வீடு, எர்ணாவூரில் மாமியார். மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நான் போய்ச் சமைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மூன்று வயது மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தத் தூசியில் போவேன். அவளுக்கு வீசிங் வந்தது. "ஸ்கூட்டர்ல கூட்டிகிட்டுப் போறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, ஏதோ நானே தூசியை அள்ளி அவள் மூக்கில் போட்டதுபோல் தலை குனிந்தேன். அந்த மாதமே கார் வந்தது.

அதனால் அந்தக் காரில் எது கெட்டாலும் நான்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடுமோ என்ற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு உண்டு. பிறகு நான் செய்ததற்கு இது சமாதானம் இல்லை. ஆனால் இந்தப் பயத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட் இருக்கிறது. நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் பாய்தான். என் மகள் படிக்கும் நர்சரியின் இரண்டு வேன்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கியர் இல்லாத கார் என்றாலே மற்ற மெக்கானிக்குகள் "பெரிய ஷோரூமுக்கு எடுத்துகினு போ" என்று கை கழுவும்போது, இவர் மட்டும் குனிந்து பார்ப்பார். எங்கள் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கியர் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும் என்றார். அன்று கணவருக்கு ஷிஃப்ட். நான் மகளோடு போயிருந்தேன்.

"பாத்துக்கமா. சீல உன் கண்ணு முன்னாடியே ஒடைக்கிறேன்," என்று டின்னைத் தூக்கிக் காட்டினார். "இது சிவிடிக்கின்னே வர்ற ஆயில். வேற எந்த ஆயில ஊத்தினாலும் உள்ள பெல்ட் வழுக்கும். அப்புறம் கியர் பாக்ஸே காலி."

"சரி பாய்."

"இன்னொண்ணு. மேட்டுல டிராஃபிக்ல நின்னீனா பிரேக்க மிதிச்சிகினு நில்லு. ஆக்ஸிலேட்டர லேசா குடுத்துகினு வண்டிய புடிச்சி வெச்சிகினு நிக்காத. நம்ம ஆளுங்க எல்லாம் ஹாஃப் கிளட்ச் பழக்கத்துல அத்தத்தான் பண்றாங்க. இந்த வண்டி தாங்காது."

அந்த நேரத்தில் மகள் தரையில் கிடந்த நட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் தாடையைப் பிடித்து விரலை விட்டுத் தோண்டிக்கொண்டே "சரி பாய், சரி பாய்" என்றேன். அவர் சொன்னது என் காதில் விழவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. நன்றாகவே விழுந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். மாமியார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறிப் பாதி மேடு வந்தபோது எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர். மகள் பின்சீட்டில் இருமிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெபுலைசர் பெட்டி இருந்தது, ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும்.

பின்னால் நின்ற லாரி என் கண்ணாடி முழுக்க நிரம்பியிருந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டாலும் அதன் பம்பரில் போய் முட்டுவோம் என்று தோன்றியது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது கால் வழியாகவே ஞாபகத்துக்கு வந்தது. மேட்டில் பிரேக்கை நம்பாதே, வண்டியை இழுவையிலேயே பிடித்து வை. ஸ்கூட்டரிலும் பத்து வருஷமாக அதைத்தான் செய்தேன், ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. இப்போதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தேன். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தொங்கிக்கொண்டு நின்றது. அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. இரண்டடி நகர்வோம், மறுபடி அப்படியே பிடித்துக்கொள்வேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றிருப்பேன்.

பாய் சொன்னது நடுவில் ஒரு தடவை ஞாபகம் வந்தது. வந்தபோது நான் நினைத்தது இதுதான்: அவர் சும்மா பொதுவாகச் சொன்னது, பின்னால் லாரியை வைத்துக்கொண்டு சொன்னதா?

முதலில் ஒரு வாசனை வந்தது. கடாயில் எண்ணெய் புகைந்தால் வருமே, அப்படி, ஆனால் அதில் இரும்பும் கலந்திருந்தது. லாரியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றினேன். பிறகு மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. முன்னால் வழி விட்டபோது மிதித்தேன். இன்ஜின் கத்தியது, வண்டி வரவில்லை.

லாரியின் கிளீனர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னாக்கா, மேல ஏறுவியா, இல்ல இங்கயே குந்திகினு கீறியா?"

"போவ மாட்டேங்குதுண்ணா."

பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவர் தன் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்: "ஆட்டோமேட்டிக் வண்டி மாமு. அதுவா போவும்னு அக்கா வெயிட் பண்ணிகினு கீது."

சிரித்தார்கள். ஆனால் அவர்கள்தான் இறங்கித் தள்ளினார்கள். கிளீனரும் தள்ளினார். "பிரேக்க வுடுக்கா! வண்டிய தள்ளச் சொல்லிட்டு பிரேக்க மிதிச்சிகினு கீற பாரு!" என்று கத்தினார். அத்தனை நேரம் மிதிக்காத பிரேக்கை அப்போது மிதித்துக்கொண்டிருந்தேன்.

ஓரம் கட்டிவிட்டுக் கணவருக்கு போன் செய்தேன்.

"இன்னா பண்ண?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கோபமில்லை, பதற்றத்தில் கேட்டது. எனக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது.

"நா ஒண்ணும் பண்ணல," என்றேன். "ஆயில் மாத்தினதுலருந்துதான் இப்டி. ஒரு மாதிரி வாசன வருது."

"இன்னா ஆயில் ஊத்தினான் அவன்?"

"தெரியல. ஏதோ ஊத்தினாரு."

டின்னின் சீலை என் கண் முன்னால் உடைத்தவரைப் பற்றி நான் அப்படிச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே பொய் இவ்வளவு ஒழுங்காக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை, நர்சரி அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டார், நேற்று பாலத்தில் நின்றது உங்கள் காரா என்று. ஆமாம் என்று மட்டும் எழுதியிருக்கலாம். நான் எழுதினேன்: "ஆமாம் சிஸ்டர். ஷெட்டில் தப்பான ஆயில் ஊற்றிவிட்டார்கள். குழந்தையோடு நடுப்பாலத்தில் மாட்டிக்கொண்டேன். ஏதோ கடவுள் புண்ணியம். எல்லாரும் பார்த்து வண்டி விடுங்க." பாய் பெயரை எழுதவில்லை. எந்த ஷெட் என்று கேட்டபோது, "நம்ம வேன் விடற இடம்தான்" என்று எழுதினேன். அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளுமாக முப்பது பதில்கள் வந்தன. "பேஜாருப்பா இவங்களோட" என்றார் ஒருவர். எவ்வளவு பொறுமைசாலி நீ என்றார் இன்னொருவர். எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்று காலை நான் இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன்.

காரை மாதவரம் பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். கணவர் டூட்டியில் இருந்ததால் நான் மட்டும் போனேன். என் வயதே இருக்கும் ஒரு பெண் கையில் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்தார். உள்ளே கறுப்பாக எண்ணெய் இருந்தது.

"மேடம், ஆயில் சரியான ஆயில்தான். டெஸ்ட் பண்ணிட்டோம். ஆனா சூட்டுல கருகியிருக்கு. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. மேட்டுல டிராஃபிக்ல நிக்கறப்ப பிரேக்ல நிப்பீங்களா, ஆக்ஸிலேட்டர்ல நிப்பீங்களா?"

"பிரேக்லதான்," என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையிலிருந்த டேப்லெட் திரையில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று நான் கேட்கவில்லை. நல்லவேளை, பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி சூடு தாங்காமல் தானே இழுவையை நிறுத்திக்கொண்டது, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினால் போதும் என்றார். சாயங்காலம் கணவர் வந்ததும், "ஆயில் கெட்டுப்போச்சாம்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் உடனே பாய்க்கு போன் போட்டார். நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அப்படியும் கேட்டது.

மறுநாள் மதியம் மகள் தூங்கியபோது போனில் தேட ஆரம்பித்தேன். என் தப்பு இல்லை என்று எங்காவது எழுதியிருக்கும் என்று தேடினேன். படித்து வளர்ந்தவள் நான். கல்லூரியில் இயற்பியல் எடுத்தவள். ஒரு விஷயத்தைப் படித்தால் அது நமக்குச் சாதகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பது அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

இரண்டு கப்பிகள். கிணற்றுக் கப்பி மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகப் பிரிந்தது. ஒவ்வொரு பாதியும் ஒரு சாய்ந்த தட்டு, இரண்டு தட்டின் சரிவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். ஒரு கப்பியை இன்ஜின் சுற்றுகிறது, இன்னொன்று சக்கரங்களைச் சுற்றுகிறது. நடுவே ஒரு பெல்ட். ரப்பர் இல்லை, நூற்றுக்கணக்கான சின்ன இரும்புத் துண்டுகளைக் கோத்துச் செய்தது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் பிதுங்கி விளிம்புக்கு ஏறும், வட்டம் பெரிதாகும். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், வட்டம் சிறிதாகும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். வண்டி கிளம்பும்போது இன்ஜின் பக்கம் சின்ன வட்டம், சக்கரத்தின் பக்கம் பெரிய வட்டம், அதனால் பலமாக இழுக்கும். வேகம் கூடக் கூட அது தலைகீழாகும். நடுவில் படி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தாவ வேண்டியதில்லை, சரிவில் வழுக்கிக்கொண்டு போவதுதான். இன்ஜின் தனக்குச் சௌகரியமான சுற்றில் நின்றுகொள்ளும், கப்பிகள் அதற்கேற்ப விரிந்து சுருங்கும். ஒரு மாதமாக நான் கோளாறு என்று நினைத்த சத்தம் இதுதான். வண்டி சரியாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். அதே எண்ணெய்தான் குளிர வைக்கவும் வேண்டும். அதே எண்ணெய்தான் இரும்பையும் இரும்பையும் தேயாமல் காக்க வேண்டும், ஆனால் வழுக்கவும் விடக்கூடாது. அதனால்தான் தனி எண்ணெய். இன்ஜினுக்கும் கப்பிகளுக்கும் நடுவே இன்னொரு பாகம் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் சுழலும், அந்தச் சுழற்சியில்தான் இன்ஜினின் வேகம் அடுத்த பக்கம் போகிறது. இன்ஜினை ஓட விட்டுச் சக்கரத்தை மட்டும் மேட்டில் நிற்க வைத்தால், போக இடமில்லாத அத்தனை வேகமும் அந்த எண்ணெயில் சூடாகத்தான் இறங்கும். முக்கால் மணி நேரம் நான் அதைத்தான் செய்தேன். குழந்தை பயப்படக்கூடாதே என்று பாட்டும் பாடினேன்.

படித்து முடித்தபின் யாரிடமும் சொல்லவில்லை. காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார்கள், நன்றாக ஓடியது, விஷயம் முடிந்துவிட்டது என்று இருக்கப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாதா கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, "ஜெபத்தில் பராக்காய் இருந்தேன், குழந்தையைக் கோபத்தில் அடித்தேன், மாமியாரைப் பற்றி மனசுக்குள் முணுமுணுத்தேன், பொய் சொன்னேன்," என்று வரிசையாகச் சொன்னேன். பொய்யை நான்காவதாக வைத்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டுவிடுவாரோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டும்போதே தெரிந்தது, நான் சாமியாரையும் ஏமாற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்று.

அடுத்த வாரம் நர்சரி வாசலில் இன்னொரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள நீ சொன்ன சிஸ்டர். நாங்கல்லாம் சேந்து வேன்காரர்கிட்ட பேசிட்டோம். ரெண்டு வேனையும் இனிமே அந்த பாய் ஷெட்ல வுடக்கூடாதுன்னு. புள்ளைங்க போற வண்டி இல்லியா? அவரும் மாத்திட்டாரு."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன்.

இரண்டு நாள் அந்தச் சிரிப்போடு இருந்தேன். மூன்றாம் நாள் மகளை நர்சரியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன். காரில் போக மனசு வரவில்லை. ஷெட் எதிரே வழக்கமாக வேன்கள் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. பாய் தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டரின் பக்க மூடியைக் கழற்றியிருந்தார். உள்ளே இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு ரப்பர் பெல்ட்டும் தெரிந்தன. போனில் படத்தில் பார்த்த அதே உருவம், சின்னதாக, கறுப்புத் தூசி படிந்து. பத்து வருஷமாக இதன் மேல்தான் நான் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். கோபப்படுவார், திட்டுவார், அழுதுகொண்டே கேட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உள்ளே போய், அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு காலி டின்னை எடுத்து வந்தார்.

"வாமா. நானே வரணும்னு இருந்தேன். உன் வூட்டுக்காரரு போன்ல திட்டுனதுலருந்து எனக்கு தூக்கம் இல்ல. இந்த டின்னுதான் அன்னிக்கு ஒடைச்சது. கடைக்கு எடுத்துகினு போயி கேட்டேன், ஒரிஜினல்தான்றான். டூப்ளிகேட்டா கீதோன்னு இன்னொரு கடையிலயும் காட்டினேன். சீல ஒடைச்சது எனக்கு ஞாபகம் கீது, உனக்கும் ஞாபகம் கீதாமா? நாந்தான் அன்னிக்கு வேற டின்ன மாத்தி ஊத்திட்டேனா? எம் மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி."

அந்தச் சந்தேகம் எனக்குப் பழக்கமானது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான், மருந்தை ஊற்றிவிட்டு மறுபடி அளவைப் பார்க்கிறவள். அதை நான் ஒரு மனிதருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என்னிடமிருந்ததை அவருக்கு மாற்றிவிட்டு, நான் இரண்டாவது காபி குடித்திருக்கிறேன்.

"நீங்க சரியாத்தான் ஊத்துனீங்க பாய்," என்றேன். "சீல ஒடைச்சத நான் பாத்தேன். சர்வீஸ் சென்டர்லயும் ஆயில் சரியான ஆயில்னுதான் சொன்னாங்க. நான்தான் பாலத்துல ஆக்ஸிலேட்டர்ல புடிச்சிகிட்டே நின்னேன். நீங்க சொல்லியும் நின்னேன்."

அவர் டின்னைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நேரம் நின்ன?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"யம்மா," என்றார், எனக்காக இல்லை, வண்டிக்காக. பிறகுதான் என்னைப் பார்த்தார். "சர்வீஸ் சென்டர்ல எப்போ சொன்னாங்க?"

"பதினஞ்சு நாள் ஆச்சு."

"பதினஞ்சு நாளா உனக்குத் தெரியும்."

"தெரியும் பாய்."

ஷெட்டுக்கு உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். "கேட்டியா? பதினஞ்சு நாளா நீ சோத்த பெசைஞ்சிகினு குந்தியிருந்த. அவங்க வூட்ல ஜாலியா இருந்துருக்காங்க," என்றார் தன் கணவரிடம். என்னிடம் பேசவில்லை.

"நீ உள்ள போ," என்றார் பாய். மனைவி போகவில்லை.

"மன்னிச்சிடுங்க பாய்."

"அத்த என்கிட்ட சொல்லி இன்னா பண்றது?" என்றார். குரல் உயரவில்லை. "எங்க எழுதினியோ அங்க எழுது. வேன்காரர் இருக்காரே, அவர்கிட்ட வாயால சொல்லு. வேனு போச்சேன்னு நான் கேக்கல. புள்ளைங்க போற வண்டில கண்ட ஆயிலயும் ஊத்தறவன்னு ஒரு பேரு வந்துருச்சி பாரு. எனக்கும் ரெண்டு பசங்க அதே வேன்லதான் போவுது."

அது எனக்குத் தெரியாது.

அங்கேயே, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்தேன். முதல் தடவை "தவறான புரிதல்" என்று வந்தது. இரண்டாவது தடவை "எங்கள் பக்கமும் சிறிய தவறு" என்று. என் விரல்களுக்கே அந்த மாதிரி வார்த்தைகள்தான் பழகியிருந்தன. கடைசியில், "ஆயில் சரியானதுதான். நான் மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரில் நின்றதால் சூடாகிவிட்டது. அப்படிச் செய்யக்கூடாது என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் பொய் எழுதினேன். மன்னியுங்கள்," என்று அனுப்பினேன். போன தடவை முப்பது பதில். இந்தத் தடவை இரண்டு. ஒன்று கட்டைவிரல். இன்னொன்று, "ஓகே சிஸ்டர், டேக் கேர்."

பாயிடம் காட்டினேன். படித்தார். "பொய்யின்னு எழுதியிருக்க வேணாம், தப்புன்னு எழுதியிருக்கலாம்," என்றார். அதற்கு அவர் மனைவி, "எழுதட்டும், எழுதட்டும்," என்றார்.

பள்ளி விடும் நேரத்தில் வேன்காரரிடம் சொன்னேன். சுற்றிலும் அம்மாக்கள் நின்றார்கள். மெதுவாகச் சொன்னால் அவர் காதில் விழவில்லை, வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் கையைப் பிடித்து நன்றி சொன்ன அந்த அம்மா, தன் மகனின் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"முன்னமே சொல்லியிருக்கலாமேமா," என்றார் வேன்காரர். "நான் வேற எடத்துல பேசி முடிச்சிட்டேன். பாக்கலாம்."

கணவரிடம் சொன்னதுதான் கடைசி. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை குழம்பை ஊற்றிக்கொள்ளாமலே இருந்தார்.

"நான் அந்த ஆள இன்னா வார்த்த சொன்னேன், தெரியுமா உனக்கு?"

"கேட்டுச்சி."

"கேட்டுச்சா?"

"பாத்ரூம்லருந்து."

அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் மகள் வழியாகப் பேசினார். "அம்மாகிட்ட தண்ணி கேளு." மகள் கேட்பாள், நான் கொடுப்பேன். மூன்றாம் நாள் தானாகவே, "இப்போ மேட்டுல எப்டி நிப்பாட்ற?" என்று கேட்டார். "பிரேக்ல," என்றேன். அதை நான் ஏற்கெனவே ஒருவரிடம் பொய்யாகச் சொல்லியிருந்ததால், உண்மையாகச் சொன்னபோதும் நாக்கு தடுமாறியது.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வேன் பாயிடமே திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை. வேன்காரர் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார், அதைப் பற்றி நான் கேட்டால் "பாக்கலாம்மா" என்கிறார்.

போன வாரம் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, ஆட்டோமேட்டிக் கார் பார்க்க நம் பக்கம் நல்ல மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். நான் பார்ப்பதற்குள் வேறொருவர் பதில் போட்டுவிட்டார்: "தண்டையார்பேட்டை பாய் வேணாம்ப்பா. ஏதோ ஆயில் பிரச்சனைன்னு முன்ன ஒரு தடவ சொன்னாங்க." சொன்னது யார் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டிருந்தது. என் பெயர் போய்விட்டது, அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் குரூப்பில் மறுபடி எழுதினேன். பாலம், லாரி, சீல் உடைத்த டின், எல்லாம். மெக்கானிக் கேட்ட அந்தப் புது அம்மாவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். படித்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இன்னும் யாராவது கேட்பார்கள், இன்னும் யாராவது அப்படியே சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் இதை மறுபடி எழுத வேண்டும், அதற்காகவே அந்தக் குரூப்பை விட்டு வெளியே வராமல் இருக்கிறேன்.